சுவரைச் சுற்றிப் பள்ளிக்கூடம்

கங்கப்பன் கொட்டாயில் முத்துமணியைத் தெரியாதவர்கள் கிடையாது. மொத்த ஊரே ஒரு பஸ்ஸில் அடங்கிவிடும் என்பதால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் போச்சம்பள்ளிப் பக்கம் தொழிற்பேட்டைச் சாலையில் டிப்பர் ஓட்டுகிறவர்களுக்கும், கம்பெனி கேட்டுகளில் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிற வாட்ச்மேன்களுக்கும்கூட அவளைத் தெரியும். வெயில் ஏறுவதற்குள் ஏழெட்டுப் பெண்பிள்ளைகளை முன்னால் விட்டுக்கொண்டு, கையில் ஒரு புளியங்குச்சியோடு, சாலையோரமாக ஒதுங்கி ஒதுங்கி வருவாள். பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்புவாள். சாயந்திரம் மறுபடி போய்க் கூட்டிவருவாள். எந்த டிரைவரோ வேடிக்கைக்குச் சொன்ன ‘பொண்ணு மேய்க்கிற அக்கா’ என்கிற பேர் ஊருக்குள்ளும் வந்து ஒட்டிக்கொண்டது. முத்துமணி கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

முன்பு இந்த மேய்ச்சலுக்கு அவசியமே இருந்ததில்லை. கொட்டாயில் ஐந்தாவது வரை ஒரு தொடக்கப்பள்ளி உண்டு. ஆறாவதுக்குக் கல்லாத்துப்பட்டி நடுநிலைப்பள்ளிக்குப் போகவேண்டும். இரண்டு ஊருக்கும் இடையில் கிடந்தது வெறும் தரிசு. அதன் நடுவே ஆடும் மாடும் மனிதரும் நடந்து நடந்து விழுந்த ஒரு தடம். உலை வைத்துவிட்டுப் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டு வந்தால் அரிசி போடச் சரியாக இருக்கும், அவ்வளவுதான் தூரம். அந்தத் தரிசை ஒரு கம்பெனி வாங்கியது. சுற்றிலும் இரண்டு ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பி, மேலே முள்கம்பி வைத்தது. சுவர் எழும்பியபோது ஊரில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. வேலை வருகிறது என்றார்கள். வேலையும் வந்தது, பொய் சொல்லக்கூடாது. தடம் போய்விட்டது என்பது அடுத்த ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு கல்லாத்துப்பட்டிக்குப் போகிறவள் முதலில் அதற்கு நேரெதிர்த் திசையில் மெயின்ரோட்டுக்கு நடக்கவேண்டும். டிப்பரும் கன்டெய்னரும் உரசிக்கொண்டு ஓடுகிற அந்த ரோட்டிலேயே சுவரை ஒட்டி வளைந்து, ஒவ்வொரு கேட்டாகக் கடந்து, பின்பக்கம் வந்து மறுபடி மண்பாதையைப் பிடிக்கவேண்டும். பையன்கள் பழைய சைக்கிளைத் தேடிப் பிடித்துக்கொண்டார்கள். பெண்பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். இப்போதெல்லாம் அரசாங்கம் சைக்கிள் கொடுக்காமல் இல்லை; பதினொன்றாவதுக்கு வந்தால் கொடுக்கிறது. ஆறாவதுக்கே வழியில்லாதவள் பதினொன்றாவதுக்கு எங்கே வருவாள்?

அப்படி நின்றவர்களில் ஒருத்தி முத்துமணியின் மூத்த மகள் ரேவதி. ஐந்தாவது முடித்த கையோடு சுவர் வந்தது. “இந்த ஒரு வருசம் போவட்டும் கண்ணு, அப்புறம் பாக்கலாம்” என்றாள் முத்துமணி. ஒரு வருஷம் என்று தள்ளிப்போட்டது என்றைக்கு ஒரு வருஷத்தில் நின்றிருக்கிறது! முதலில் கடலைக்காய் பறிக்க ஆள் வேண்டியிருந்தது. பிறகு எட்டு வருஷம் இடைவெளி விட்டுப் பிறந்த சின்னவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. ரேவதி அழவுமில்லை, அடம்பிடிக்கவுமில்லை. அடம்பிடித்திருந்தால் நாலு அடி வைத்துவிட்டு மறந்திருக்கலாம். பேசாமல் இருந்துவிட்டாளே, அதுதான் முத்துமணிக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பத்தொன்பது வயதில் ரேவதிக்கு அதே சுவருக்குள் வேலை கிடைத்தது. மெஷினில் நிற்க வேண்டுமென்றால் பத்தாவதாவது வேண்டும் என்றார்கள். ஐந்தாவதுக்குக் கேன்டீனில் தட்டு கழுவுகிற கான்ட்ராக்ட் வேலைதான். அதற்கும் கம்பெனி பஸ் கொட்டாய் முனைக்கே வந்து ஹாரன் அடித்து ஏற்றிப்போகிறது. தட்டு கழுவப் போகிறவளுக்கு வாசலில் பஸ். படிக்கப் போகிறவள் நடக்கவேண்டும். இந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

சின்னவள் சுப்ரியா ஐந்தாவது முடித்த வருஷம் முத்துமணி ஒரு முடிவுக்கு வந்தாள். காட்டு வேலை போனால் போகட்டும், இவளை நானே கொண்டுபோய் விடுவேன் என்றாள். அவள் கிளம்புவதைப் பார்த்து, “எம்பொண்ணையும் அப்படியே இட்டுக்கினு போறியா?” என்று ஒருத்தி கேட்டாள். அப்புறம் இன்னொருத்தி. மதுரைப் பக்கமிருந்து கம்பெனிக்கு வேலைக்கு வந்து லைன் வீட்டில் குடியிருந்த கருப்பசாமியும், “அக்கா, எங்க தர்ஷினியவும் ஒங்க கூட சேத்துக்கோங்க, புண்ணியமாப் போகும்” என்று கொண்டுவந்து விட்டார். புண்ணியம் சேர்ந்ததோ இல்லையோ, கூட்டம் சேர்ந்துவிட்டது.

அவள் புருஷன் ஆஞ்சப்பன் மாந்தோப்புக் காவலுக்குப் போகிறவர். பேச்சில் மட்டும் குறை வைக்கமாட்டார். “ஊர்ப்புள்ளைங்கள இட்டுக்கினு போறியே, உனக்கு இன்னா கலெக்டர் வேலையா போட்டுக் குடுத்துட்டாங்க?” என்பார். என்றாலும் சாயந்திரம் அவள் வரும்போது அடுப்பில் வெந்நீர் காய்ந்துகொண்டிருக்கும். அதை அவர் சொல்லிக்காட்டியதில்லை.

பிள்ளைகளை நடத்திப்போவதற்கு முத்துமணி கண்டுபிடித்து வைத்திருந்த வழி ஒன்றே ஒன்றுதான். பொய். ரெண்டாவது கேட் தாண்டும்போதே ஏதாவது ஒன்று சிணுங்கும். தெலுங்கு பேசுகிற வீட்டுப் பிள்ளை ஒன்று, “இங்கா எந்த தூரம், அத்தா?” என்று, இன்னும் எவ்வளவு தூரம் எனக் கேட்டு முந்தானையை இழுக்கும். “ஒச்சேசினாம்மா, வந்துட்டோம். தோ, அந்தாண்ட ஒரு வேப்பமரம் தெரியுது பாரு, அதத் தாண்டினா ஸ்கூலு” என்பாள். வேப்பமரத்தைத் தாண்டினால் இன்னொரு வேப்பமரம். பிள்ளைகளுக்கும் அது பொய் என்று தெரியும். இருந்தாலும் கேட்பதற்கு நன்றாக இருந்ததால் கேட்டுக்கொண்டே நடந்தன.

அது அவளுடைய சொந்தச் சரக்கும் அல்ல. அந்தப் பக்கத்து ஊர்களில் வழி கேட்கிறவனிடம் யாரும் தூரம் என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் அவன் கால் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும் என்பார்கள். நடந்து வருகிறவனுக்குத் தண்ணீர் கொடுப்பது எப்படியோ, ‘கிட்டத்துலதான்’ என்று சொல்வதும் அப்படி. பஸ் ஏறிப் போகவேண்டிய சிங்காரப்பேட்டைக்கு வழி கேட்டாலும் கிட்டத்தில்தான்.

ஒரு வருஷம் இப்படி ஓடியது. முத்துமணியின் வலது முழங்கால் வீங்க ஆரம்பித்தது. முதலில் எண்ணெய் தேய்த்தாள், அப்புறம் நொச்சி இலையை வதக்கிக் கட்டினாள், கடைசியில் மத்தூருக்குப் போய் டாக்டரிடம் காட்டினாள். அவர் காலை மடக்கிப் பார்த்துவிட்டு நடையைக் குறைக்கச் சொன்னார். “எதக் கொறைக்கிறதுங்க, போறதயா, வர்றதயா?” என்று கேட்டாள். டாக்டர் அதற்கும் ஒரு மாத்திரை எழுதினார். அவள் நின்றால் பிள்ளைகள் நின்றுவிடும், சுப்ரியாவும் நின்றுவிடுவாள். மாத்திரையை விழுங்கிவிட்டு மறுநாளும் நடந்தாள்.

அந்த நேரத்தில்தான் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை ஜெயமணி டீச்சர் ஒரு நல்ல சேதி சொன்னாள். ஊரெல்லாம் ‘அனைவருக்கும் கல்வி’ என்று சுவரில் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. பள்ளிக்கூடத்துக்குள் பெஞ்சை எடுத்துவிட்டுப் பாய் விரித்து, பிள்ளைகள் கையில் பாடம் அச்சடித்த அட்டைகளைக் கொடுத்து, டீச்சரையும் தரையில் உட்காரவைத்திருந்தார்கள். வகுப்பறை கட்டினார்கள், கக்கூஸ் கட்டினார்கள். கூடவே தொடக்கப்பள்ளிகளை எட்டாவது வரை உயர்த்திக்கொண்டும் இருந்தார்கள். பக்கத்து நடுநிலைப்பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் போதும்.

“நம்ம ஸ்கூலுக்கும் கேட்டிருக்கேன் முத்துமணி. ஆறு, ஏழு ரெண்டையும் இந்த ஜூன்லயே இங்க ஆரம்பிச்சுடலாம். ஆனா ஆபீசு மேப்புல பார்த்தா கல்லாத்துப்பட்டி பக்கத்துலயே இருக்குது. மேப்புல சுவர் இல்ல. ஒருத்தர் நேர்ல வந்து நடந்து பார்த்து எழுதினாத்தான் உண்டு” என்றாள் டீச்சர். கல்வித்துறையின் வட்டார வள மையத்துக்கு நடையாய் நடந்து, பிரகாஷ் என்கிற ஆசிரியர் பயிற்றுநர் ஒருவரைச் சம்மதிக்கவும் வைத்துவிட்டாள்.

சித்திரை வெயிலில் வந்து இறங்கினார் பிரகாஷ். சேலத்துக்காரர், நல்ல மனிதர், நல்ல கனம். பைக்கில் அளந்துவிடலாம் என்றவரை, “பிள்ளைங்க நடந்துதானே சார் போவுது, நீங்களும் நடந்தே பார்த்துடுங்க” என்று டீச்சர்தான் மடக்கினாள். வகுப்பை விட்டுவிட்டு அவளால் கூடப் போகமுடியாது. அதனால் வழிகாட்ட முத்துமணியை அனுப்பினாள். “கடைசி வரைக்கும் இட்டுக்கினு போ. நடுவுல விட்டுடாத” என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினாள்.

முதல் கேட் வரை பிரகாஷ் சுறுசுறுப்பாகத்தான் நடந்தார். சுவரைப் பார்த்து, “அடேங்கப்பா, எவ்வளவு நீளம்!” என்றுகூடச் சொன்னார். முத்துமணிக்குச் சந்தோஷம். இரண்டாவது கேட் அருகில் கைக்குட்டை நனைந்து கழுத்தில் ஒட்டிக்கொண்டது. டிப்பர் ஒன்று கிளப்பிவிட்ட புழுதியில் இருமினார். சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “எனக்குச் சுகர் இருக்குதும்மா” என்றார். ஐயோ பாவம் என்றிருந்தது அவளுக்கு. யார் பெற்ற பிள்ளையோ, நம் ஊருக்காக இந்த வெயிலில் காய்கிறது. தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தாள். கொண்டுவந்திருந்த மோரைக் கொடுத்தாள்.

“இன்னும் எவ்வளவு தூரம்மா?”

“வந்துட்டோம் சார். கிட்டத்துலதான். தோ, அந்த வேப்பமரத்தத் தாண்டினா ஸ்கூலு.”

அவள் யோசித்துச் சொல்லவில்லை. அவள் வாய் சொன்னது.

பிரகாஷ் கண்ணுக்கு மேல் கை வைத்து வேப்பமரத்தைப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. “அவ்வளவுதானா? அப்ப சரி, பார்த்த மாதிரிதான். எதுக்கு நீங்களும் இந்தக் காலோட நடந்துகிட்டு?” என்று சொல்லி, வந்த ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி, அவளையும் ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டார். ஆட்டோவில் உட்கார்ந்ததும் முழங்காலுக்கு இதமாக இருந்தது. சாரும் பாவம், தப்பித்தார் என்று நினைத்துக்கொண்டாள். நல்லபடியாக முடிந்தது என்று டீச்சரிடமும் சொன்னாள்.

ஜூனில் உத்தரவு வந்தது. பக்கத்துப் பஞ்சாயத்தில் ஒரு பள்ளிக்கூடம் உயர்ந்தது. கங்கப்பன் கொட்டாய் உயரவில்லை. தூரம் போதாதாம்.

ஜெயமணி டீச்சர் முத்துமணியைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். “அன்னிக்கு இன்னா நடந்துச்சு? கடைசி வரைக்கும் போனீங்களா இல்லியா?”

“போனோம் டீச்சர். சாருக்குத்தான் முடியல, பாவம். வேர்த்துக் கொட்டுது. ரெண்டாவது கேட்டுத் தாண்டி, இன்னும் எவ்ளோ தூரம்னு கேட்டாரு. நானு...” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அங்கே நின்றாள். வாய் திறந்தபடியே இருந்தது. டீச்சரும் புரிந்துகொண்டாள்.

“நீ இன்னா சொன்ன?”

“கிட்டத்துலதான்னு சொல்லிப்புட்டேன் டீச்சர்.”

திட்டினால்கூடத் தேவலை என்று காத்திருந்தாள் முத்துமணி. டீச்சர் பாயில் கிடந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்க ஆரம்பித்தாள். பல வருஷமாக அலைந்தவள், அவளுக்கும் களைப்பாக இருந்திருக்கும்.

வீட்டில் சொன்னபோது ஆஞ்சப்பன், “தவள தன் வாயால கெட்டாப்ல ஆயிப்போச்சே” என்று ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டார். ரேவதி அம்மாவின் காலுக்கு இலை கட்டிக்கொண்டிருந்தாள். இதைக் கேட்டதும் முடிச்சைக் கொஞ்சம் இறுக்கிப் போட்டாள்.

மறுநாள் பிள்ளைகளை விட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறி வட்டார வள மையத்துக்குப் போனாள் முத்துமணி. பிரகாஷ் அவளை அடையாளம் தெரிந்துகொண்டு, எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார்.

“சார், அன்னிக்கு நான் சொன்னது பொய்யிங்க. அங்கேருந்து இன்னும் அவ்ளோ தூரம் இருக்குதுங்க.”

“நீங்கதானம்மா வேப்பமரத்தைக் காட்டினீங்க?”

“நீங்க வேர்த்துக் கெடந்தீங்க. தூரம்னு எப்பிடிங்க சார் வாயில வரும்? எங்க பக்கம் நடந்து வர்றவங்க கிட்ட அப்பிடிச் சொல்லமாட்டோங்க.”

பிரகாஷ் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நானும் போய்ப் பார்த்திருக்கணும். தப்பு என் மேலயும் இருக்குது” என்றார். “ஆனா இந்த வருஷத்துக்கு எல்லாம் முடிஞ்சிருச்சும்மா. அடுத்த வருஷம் திரும்ப எழுதுறேன். கட்டாயம் எழுதுறேன்.”

“அடுத்த வருசம்” என்று திருப்பிச் சொன்னாள் முத்துமணி. அந்த வார்த்தையை அவளே ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறாள். அதன் விலை அவளுக்குத் தெரியும். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

ஆடி மாதம் பாதியில் அது நடந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரும்பும்போது மூன்றாவது கேட் அருகில் முழங்கால் மடங்கி ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. வாட்ச்மேன் ஓடிவந்து தூக்கிவிட்டார். சுப்ரியாவும் தர்ஷினியும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து நடத்திவந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் சுப்ரியா பையை ஆணியில் மாட்டிவிட்டு, “அம்மா, நான் ஸ்கூல்லேருந்து நின்னுக்கறேன். நீ நடக்க வேணாம்” என்றாள். அழாமல், அடம்பிடிக்காமல் சொன்னாள். பெரியவள் அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது அந்த முகம். முத்துமணி குச்சியை எடுத்து அவள் காலில் ஒன்று வைத்தாள். “இன்னொருக்கா அந்தப் பேச்சு பேசின, பல்லு பேந்துடும்” என்றாள். அடித்த பிறகு தானே அழுதாள்.

கேன்டீனிலிருந்து வந்த ரேவதி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே சேலையை உலர்த்தினாள். மறுநாள் கான்ட்ராக்டரிடம் பேசி மத்தியான ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டாள். “காலையில நான் இட்டுக்கினு போறேன். சாயந்திரம் மட்டும் நீ பாத்துக்கோ” என்றாள்.

“கல்யாணம் ஆவ வேண்டிய பொண்ணு, டிப்பர்காரனுங்க முன்னாடி இந்த ரோட்டுல நடப்பியா?” என்றாள் முத்துமணி.

“இல்லன்னா இன்னா பண்றது, சொல்லு” என்றாள் ரேவதி.

திங்கட்கிழமை காலை ரேவதி தலையை வாரிக்கொண்டு, குச்சியில்லாமல் வெறும் கையோடு கிளம்பினாள். பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு போயின. ரொம்ப நாளைக்குப் பிறகு முத்துமணி காலைப் பொழுதில் வீட்டில் இருந்தாள். காலை நீட்டிக்கொண்டு கடலைக்காய் உரித்தாள். இந்நேரம் முதல் கேட், இந்நேரம் முக்கு என்று மனசு அவர்களோடேயே நடந்துகொண்டிருந்தது. திரும்பிவருகிற நேரமும் ஆனது. ரேவதி வரவில்லை. வெயில் உச்சிக்கு ஏறிய பிறகும் வரவில்லை. முத்துமணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நொண்டி நொண்டித் தெருமுனைக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். எந்த லாரிக்காரன் என்ன செய்தானோ என்று நினைப்பு போகக்கூடாத இடமெல்லாம் போயிற்று.

சோற்று நேரத்துக்கு ரேவதி வந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது.

“எங்கடி போன இவ்ளோ நேரம்? என் உசுரே போயிடுச்சு!” என்று கத்தினாள் முத்துமணி.

ரேவதி செம்பில் தண்ணீர் மொண்டு முழுவதும் குடித்து முடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“எங்கியும் போவலம்மா. ஆறாங்கிளாஸ் ஜன்னலாண்ட நின்னுக்கினு இருந்தேன். அஞ்சாவதுக்கு அப்புறம் இன்னாதான் சொல்லித் தர்றாங்கன்னு பாத்துட்டு வந்தேன்.”

முத்துமணி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்லித் தந்தார்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்காமலேயே ரேவதி சொன்னாள்.

“பெருசா ஒண்ணும் இல்லம்மா. எனக்கும் புரிஞ்சிருக்கும்.”